மின்னாத காக்காப்பொன்னும் ஜியாலஜிப் படிப்பும்

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். மீதியை எழுதுகிறேன். ஜியாலஜி, அதாவது பாறைகளையும் கனிமங்களையும் பற்றிய படிப்பு, படிக்க ஆசைப்படும் உங்கள் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவள் குவாரி ஓரத்தில் எடுத்த கல்லை மேசையில் வைத்து, "இதை மைக்கா என்கிறாள், எங்காவது மின்னுகிறதா பாருங்கள். இப்படிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தால் நாளைக்கு யார் சோறு போடுவார்கள்?" என்று கேட்டீர்கள். முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோற்றுக் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள் இருக்கிறது.

சின்ன வயதில் ஆற்றுமணலில் நாம் பொறுக்கிய காக்காப்பொன்தான் மைக்கா. அது ஏடு ஏடாக உரியும், வெயிலில் பளபளக்கும். ஆந்திராவின் கூடூரிலும் ஜார்க்கண்டின் கோடர்மாவிலும் வெட்டி எடுத்த மைக்கா அப்படிப்பட்டதுதான். ஆனால் அதே குடும்பத்தில் இன்னொரு வகை உண்டு. ஏடுகள் கண்ணுக்கே தெரியாத அளவு பொடியாகி, ஒன்றோடொன்று நெருங்கி இறுகிப்போயிருக்கும். உரிக்க வராது, மின்னாது. மெழுகு தடவியதுபோல் மங்கலாக, சாம்பல் கலந்த பச்சையிலோ பழுப்பிலோ இருக்கும். பேனாக்கத்தியால் கீறினால் சுலபமாகக் கோடு விழும். இதற்குப் பினைட் என்று பெயர். ஜெர்மனியின் சாக்சனியில் ஷ்னேபெர்க் பக்கம் இருந்த பினி என்ற சுரங்கத்தின் பெயரால் வந்தது.

இது பெரும்பாலும் பிறவியிலேயே மைக்கா கிடையாது. முதலில் கார்டியரைட் என்ற கனிமமாக இருந்திருக்கும். ரத்தினக் கடைகளில் அயோலைட் என்று விற்பது அதையேதான். கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது. பூமிக்குள் பாறை இடுக்கு வழியே சூடான நீர் பொட்டாசியத்தைச் சுமந்துகொண்டு வரும்போது, கார்டியரைட்டிலிருந்த மெக்னீசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், பொட்டாசியமும் நீரும் உள்ளே போகும். உருவம் மட்டும் பழையபடியே நிற்கும். சுவரும் கூரையும் அப்படியே இருக்க, உள்ளே குடியிருப்பவர்கள் மாறிப்போன வீடு மாதிரி. இங்கிலாந்தின் கார்ன்வால் கிரானைட்டில் இது உண்டு, பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதியில் உண்டு. ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகே கமேயோகாவில் கிடைப்பதைக் குறுக்கே உடைத்தால் ஆறிதழ்ப் பூவின் வடிவம் தெரியும். அங்கே அதைச் செர்ரிப்பூக் கல் என்கிறார்கள். நம் மதுரையைச் சுற்றியுள்ள மிகப் பழைய நைஸ் பாறைகளிலும் (பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி வரிவரியாக ஆனவை) கார்டியரைட் இருக்கிறது. அதனால் குவாரி ஓரத்தில் எடுத்த கல்லைப் பார்த்து உங்கள் மகள் சொன்னது ஏதோ ஒரு வாய்ப்பேச்சு அல்ல.

நான் அதைவிட முக்கியமாகப் பார்த்தது, கல்லைச் சுற்றியிருந்த காகிதத்தை. எடுத்த இடம், தேதி, பக்கத்தில் என்ன பாறை இருந்தது, எல்லாம் எழுதியிருந்தாள். கடைசியில் 'பினைட்?' என்று ஒரு கேள்விக்குறி. நானும் இளங்கலையில் ஜியாலஜி படித்தவன். முதல் வருடத்தில் எங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்விக்குறியைப் போடத் தெரியாது. பார்த்ததும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவோம், ஆசிரியர் அடித்துத் திருத்துவார்.

சரி, மங்கலான கல்லை அடையாளம் காண்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? செம்புத் தாது தேடும் கம்பெனி கொடுக்கும். கிரானைட்டில் நிறைய இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் இப்படிப் பொடி மைக்காவாக மாறியிருந்தால், அந்த வழியே சூடான நீர் போயிருக்கிறது என்று அர்த்தம். செம்பையும் தங்கத்தையும் சுமந்து வருவது பல இடங்களில் அதே நீர்தான். அதனால் மாறிப்போன பாறையை வரைபடத்தில் குறித்துக்கொண்டே தாது இருக்கும் இடத்தை நெருங்குவார்கள். சுரங்கப்பாதையும் அணையும் கட்டுபவர்களுக்கும் இது வேண்டும். இறுகிய பாறை என்று நம்பித் தோண்டும் இடத்தில் பொடி மைக்கா பட்டையாக ஓடினால் பாறை வழுக்கும், சரியும். அதை முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் தேவை.

படிப்பு வழியை நேராகவே சொல்கிறேன். பி.எஸ்சி. ஜியாலஜி மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் வேலை கிடைப்பது கஷ்டம். எம்.எஸ்சி. வரை, அதாவது ஐந்து வருடம், குடும்பம் தாங்க முடியுமா என்று இப்போதே கணக்குப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இந்தத் துறை இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் செலவு பயப்படும்படி இருக்காது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றீர்கள்; புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள். மூன்றாம் வருடம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர வழி உண்டு.

அதற்குப் பிறகு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் மூன்றும் சேர்த்து 1200 மதிப்பெண். அதில் தேறினால் 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ பணி. ஆய்வுத் துறையில் ஜியாலஜிஸ்டுக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். டி.என்.பி.எஸ்.சி.யும் உதவி ஜியாலஜிஸ்ட் பணிக்குத் தேர்வு வைக்கிறது, ஆனால் இடங்கள் குறைவு, வருடா வருடம் வரும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் படிக்கும்போதே செயற்கைக்கோள் படங்களை வாசிக்கவும் ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைபடம் போடவும் அவள் பழகிக்கொள்ள வேண்டும். இது என் கட்டாயமான ஆலோசனை.

"பெண் பிள்ளையைக் காடு மேடெல்லாம் அனுப்புவதா?" என்று நீங்கள் மெதுவாகக் கேட்டதை நான் மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. களப்பணி இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. வெயில் உண்டு, நடை உண்டு, நல்ல கழிப்பறை இல்லாத முகாமும் உண்டு. ஆனால் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலைக்கு அனுமதிக்காமல் வைத்திருந்ததே, அது கூட 2019இல் தளர்ந்தது. தொழில்நுட்பம், மேற்பார்வை போன்ற பணிகளில் பெண்கள் இப்போது நிலத்தடியில் இறங்கலாம். கல்லூரியில் சேர்க்கும் முன், களப் பயணத்துக்கு ஆசிரியைகள் கூட வருகிறார்களா, தங்கும் ஏற்பாடு என்ன என்று துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தப்பான படிப்பாகிவிட்டால் திரும்ப முடியாதே என்றும் சொன்னீர்கள். இந்தக் கல்லின் குடும்பத்திலேயே கீசெக்கைட் என்று ஒன்று உண்டு, கிரீன்லாந்தில் கிடைத்தது. அந்தப் பெயருக்கு உரிய கார்ல் லுட்விக் கீசெக், வியன்னாவில் நாடகக் குழு நடிகராக இருந்தவர். 1791இல் இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் ஓப்பரா (இசை நாடகம்) ஒன்றின் முதல் அரங்கேற்றத்தில் சின்ன வேடம் போட்டார். பிறகு கனிமங்கள் பக்கம் திரும்பி, 1806இல் கிரீன்லாந்து போய் 7 வருடம் சுற்றினார். அவர் அங்கிருந்து கப்பலில் அனுப்பிய கனிமச் சேகரிப்பு போர்க்காலத்தில் ஆங்கிலேயர் கையில் சிக்கி எடின்பரோவில் விலைபோனது. அதை வாங்கியவர்தான் பின்னால் அவருக்கு டப்ளினில் பேராசிரியர் பதவி கிடைக்கத் துணைநின்றார். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு வருடம் அலைய வசதி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பதினேழு வயதில் எடுக்கும் முடிவு ஆயுசுக்கும் பூட்டிவிடும் என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்யலாம். எனக்குத் தெரிந்த கல்லூரி ஆய்வகம் ஒன்றில், பாறையை 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வருகிற புதன்கிழமை அவளை அந்தக் கல்லோடும் காகிதத்தோடும் அழைத்து வாருங்கள். நாள் முழுக்க ஆகும், சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். அது பினைட் இல்லை என்று தெரியவந்தால் அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். அப்படியானால் இது என்ன என்று கேட்டு மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தால், அன்று மாலையே சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம்.