அப்பாருவின் வாட்சை மாற்றிக் கொடுக்கலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, தை மாசம் எனக்குக் கல்யாணம். எங்க அப்பாரு (தாத்தா) கட்டியிருந்த ஃபேவர் லூபா சீ சீஃப் வாட்ச் ஓடாமல் பீரோவில் கிடக்கிறது. திருப்பூரில் தெரிந்த புரோக்கர் அண்ணன் ஒருத்தர், அந்த வாட்சும் 60,000 ரூபாயும் கொடுத்தால் 1960-கள்ல வந்த ஒமேகா சீமாஸ்டர் தருவதாகச் சொல்கிறார். 'கையில் கட்டாத புதுசு' என்கிறார். கோயமுத்தூர் ஷோரூமில் டிஸ்ஸாட் பிஆர்எக்ஸ் ஒன்று பார்த்தேன், மனசுக்குப் பிடித்தது. 'அது பழைய வாட்சைப் பார்த்துப் போட்ட காப்பி, ஹோமேஜ்னு சொல்வாங்க, காசு வீண்' என்கிறார் அவர். எதை வாங்குவதுங்க? ஒரே வெசனமா இருக்கு."

தம்பி, முதலில் அப்பாருவின் வாட்சை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஷோரூமில் பார்த்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். பிஆர்எக்ஸின் அசல் வாட்சை டிஸ்ஸாட் 1978-லேயே விட்டது. கேஸும் (வாட்சின் உலோகக் கூடு) செயினும் ஒரே வார்ப்பு போல ஒட்டி வரும் அந்தக் காலத்து அமைப்பு. அதே டிசைனை 2021-ல் அதே கம்பெனி மறுபடி கொண்டுவந்தது. உங்கள் அப்பாரு போட்ட மாதிரியில் நீங்களே இன்னொரு வீடு கட்டினால் அதைக் காப்பி என்பார்களா? தன் பழைய டிசைனைத் தானே புதுப்பிப்பது ஒன்று. அடுத்த கம்பெனியின் வடிவத்தை ஒட்டிச் செய்து, டயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்பது இன்னொன்று. ஹோமேஜ் என்று சந்தையில் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். வாங்குபவருக்குத் தெரிந்தே வாங்குவதால் இதிலும் குற்றமில்லை. மூன்றாவது, அடுத்தவன் பெயரையே டயலில் அடித்து விற்பது. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது கள்ளச் சரக்கு. இந்த மூன்றையும் ஒரே வார்த்தைக்குள் போட்டுக் குழப்புவது புரோக்கர்களின் முதல் வேலை. குழம்பியவரிடம்தானே விற்க முடியும்.

பழசைத் திரும்பக் கொண்டுவராத பெரிய கம்பெனியே இன்று இல்லை என்று சொல்லலாம். ஒமேகா தன் 1957-ஆம் வருஷத்து ஸ்பீட்மாஸ்டர், சீமாஸ்டர் 300, ரெயில்மாஸ்டர் மூன்றையும் 2017-ல் மறுபடி செய்தது, ஒவ்வொன்றிலும் 3,557. டூடரின் பிளாக் பே ஃபிஃப்டி எயிட் 2018-ல் வந்தது. பெயரில் இருக்கும் 58 என்பது 1958-ஐக் குறிக்கிறது. சீக்கோ தன் 1965-ஆம் வருஷத்து டைவர் வாட்சை 2017-ல் திரும்பச் செய்தது. நம் நாட்டோடு ஒட்டியதும் ஒன்று உண்டு. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பந்தடியில் கண்ணாடி உடையாமலிருக்க, முகத்தைத் திருப்பி வைக்கிற மாதிரி 1931-ல் வந்த ரிவர்ஸோ. அதன் பழைய முகத்தை ஜேஜர் லெகூல்டர் 2011-ல் மறுபடி கொண்டுவந்தது. 1969 கிறிஸ்துமஸ் அன்று பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சீக்கோ வெளியிட்ட பிறகு, பத்துப் பதினைந்து வருஷத்தில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் பாதிக்கு மேல் ஆட்டம் கண்டது. மிஞ்சியவர்களிடம் இருந்த பெரிய சொத்து பழைய வரைபடங்கள்தான். அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு, பின்னால் வருகிறேன்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். பழைய முகத்துக்குப் பின்னால் இருப்பது புது மிஷின். கை அசைவிலேயே சாவி ஏறும் பிஆர்எக்ஸ் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி வைத்தால் 80 மணி நேரம் ஓடும். 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். கீறல் எளிதில் விழாத சஃபையர் கண்ணாடி. பேட்டரி மாடலும் இருக்கிறது, விலை குறைவு. பேட்டரி என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். 1978-ல் வந்த அசல் பிஆர்எக்ஸே குவார்ட்ஸ்தான்.

இனி அந்த 'கட்டாத ஒமேகா'.

34 வருஷமாகக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வாட்ச் பார்க்கிறேன். அறுபது வருஷத்துப் பழைய ஒமேகா, டயல் பளபளவென்று, விலை ஐந்திலக்கத்தில் என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் பத்துக்கு ஒன்பது மறு டயல். உள்ளே மிஷின் ஒமேகாவாகவே இருக்கலாம், அதனால்தான் ஏமாறுகிறோம். துருப்பிடித்த டயலின் பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, புது வர்ணம் அடித்து, எழுத்தை மறுபடி அச்சடிக்கிறார்கள். மூன்று வாட்சுகளின் உதிரிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். உலகமெங்கும் வாட்ச் சேகரிப்பவர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் நாட்டுக்கு இப்படி ஒரு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு உள்ளபடியே வேதனை.

நுணுக்கமெல்லாம் உங்களுக்கு வேண்டாம், கண்ணால் பார்க்கக் கூடியதை மட்டும் சொல்கிறேன். டயலின் கீழ் ஓரத்தில் 'சுவிஸ் மேட்' என்ற எழுத்து பாதி வெட்டுப்பட்டோ கோணலாகவோ இருக்கிறதா? நிமிஷக் கோடுகள் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கின்றனவா? டயல் ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கிறதா? டயல் நேற்றுச் செய்தது போலவும் பின்மூடி தேய்ந்தும் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அந்தியூர் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். வாட்ச் என்றால் மட்டும் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

புரோக்கர் சொல்லும் கதையையும் கவனியுங்கள். "வால்பாறை எஸ்டேட் துரை கட்டியிருந்தது", "கோயமுத்தூர் மில் முதலாளி வீட்டு லாக்கரில் இருந்தது", "பெங்களூர் பார்ட்டி நாளைக்கு வருது, உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன்". மூன்றும் நான் நூறு முறை கேட்டவை. கதை நீளமாக இருந்தால் பில் இருக்காது. முன்பு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளைக்குப் போடுவதற்காக இப்படி ஒன்று வாங்கி, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாவி கொடுத்துப் பார்க்கிறது, முள் நகரவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா என் கடைப் படியில் உட்கார்ந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு புதுப் பொறி. மேலே சொன்ன மறு வெளியீடுகளில் பல, பழசாகத் தெரிய வேண்டும் என்றே ரேடியம் இருந்த இடத்தில் மங்கிய சந்தன நிறத்தில் ஒளிர் பூச்சு போட்டு வருகின்றன. அவற்றைப் பார்த்துச் செய்யும் டூப்ளிகேட்டையும் அதே நிறத்தில் செய்து, அதை 1957 அசல் என்று விற்கிறார்கள். புது வாட்சின் கள்ள நகல் பழைய வாட்சாகிவிடுகிறது.

'எனக்கு வாட்ச் தெரியும்' என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏலக் கம்பெனி நடத்திய ஏலத்தில் 1957-ஆம் வருஷத்து ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த மியூசியம். பல வாட்சுகளின் உதிரிகளைக் கோத்துச் செய்தது அது என்று 2023-ல் ஒமேகாவே சொன்னது. அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னது. செய்த கம்பெனியே ஏமாந்த சரக்கில், 60,000 ரூபாயை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் என்ன செய்வோம்?

ஒரு பவுன் சங்கிலி வாங்கினால் ஹால்மார்க் எண் கேட்கிறோம், அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய வாட்சுக்குச் சோதனையும் இல்லை, முத்திரையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டி, பில் போட்டு, நேர்மையாக விற்கும் கடைக்காரர் நாலு அதிகாரிக்குப் பதில் சொல்கிறார். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே கைமாற்றி விடுகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எத்தனை வருஷமாக இதைச் சொல்கிறோம்!

இப்போது அப்பாருவின் சீ சீஃப். புரோக்கருக்கு 60,000 மட்டும் போதாமல் அந்த வாட்சும் ஏன் வேண்டும் என்று யோசித்தீர்களா? டயலில் கை வைக்காத, ஒரே குடும்பத்தில் இருந்த ஃபேவர் லூபா இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. 1737-லிருந்து பெயர் சொல்லும் கம்பெனி அது. எச்எம்டி வருவதற்கு முன்பும், வந்த பிறகு பல வருஷமும், நம் பக்கம் வசதியான கையில் பார்த்த வாட்ச் அதுதான். அந்தப் பெயரை 2011-ல் டைட்டன் வாங்கியது, பிறகு அது வாட்ச் கடைகள் நடத்தும் எத்தோஸ் குழுமத்துக்குப் போனது. 2024-ல் ஜெனீவாவில் மறுபடி களமிறங்கியபோது சீஃப், சீ ஸ்கை, டீப் ப்ளூ என்று தன் பழைய பெயர்களையே எடுத்து வைத்தது. அவர்கள் தேடிப்போகும் பழமை உங்கள் பீரோவில் இருக்கிறது.

அது ஓடாமலிருப்பதற்குப் பயப்பட வேண்டாம். அநேகமாக உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். நிறைய சீ சீஃப்களில் மிஷினை மெல்லியதாக வைப்பதற்காக இரண்டு மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுத்தால் இறுகி மிஷினை ஓட்டும் சுருள்) போட்டிருப்பார்கள். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: மிஷினைக் கழுவி எண்ணெய் போடலாம், டயலைத் தொடக் கூடாது, கேஸைப் பாலிஷ் போடக் கூடாது, கழற்றிய பழைய உதிரி எதுவானாலும் திருப்பித் தர வேண்டும். 'டயலைப் புதுசாக்கித் தர்றேனுங்க' என்று அன்பாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மஞ்சள் கறை உங்கள் அப்பாருவின் வியர்வையும் வெயிலும்.

டயலைத் தொடாதே என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதை நிதானமாகப் படியுங்கள். பழைய வாட்சுகளில் இருட்டில் மின்னுவதற்கு எண்களிலும் முள்ளிலும் பூசியது நிஜமான ரேடியம். 1960-களில்தான் அது ஒழிந்தது. அதற்குப் பின் வந்தது டிரிட்டியம். டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற எழுத்தின் பக்கத்தில் ஆங்கில 'டி' இருந்தால் டிரிட்டியம் என்று பொருள். அதன் வீரியம் சுமார் 12 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், இன்றைக்குப் பெரிய கவலை இல்லை. ரேடியம் அப்படியல்ல. அது பாதியாக 1,600 வருஷம் ஆகும். இப்போது மின்னவில்லையே, செத்துப்போயிற்று என்று நினைப்பது தப்பு. மின்ன வைக்கிற பூச்சுதான் செத்திருக்கிறது, ரேடியம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும் வரை பெரிய பயமில்லை. அந்தப் பூச்சு பொடியாக உதிர ஆரம்பித்திருந்தால், அந்தத் தூள் மூச்சில் போனால் கேடு. பல்சக்கரத்தில் விழுந்தால் மிஷினுக்கும் கேடு. முள்ளிலோ எண்ணிலோ பழுப்பாக, கருகின மாதிரித் தடித்த பூச்சு இருந்து, அது உதிர்ந்தும் இருந்தால், வீட்டில் திறக்காதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். ரிப்பேர்காரரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். அப்போது மட்டும் முள்ளை மாற்றலாம், பூச்சை எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். உங்கள் சீ சீஃப்பில் வெறும் உலோகக் கோடுகளும் மெல்லிய முள்ளும் மட்டும் இருந்தால் இந்தப் பேச்சே உங்களுக்கு இல்லை. பார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பின்னால் வருகிறேன் என்ற வருத்தம் இதுதான். பழைய வாட்சின் பெருமையைச் சொல்லிப் புதுசை லட்சக்கணக்கில் விற்கிற கம்பெனிகளில் பல, அந்தப் பழைய வாட்சுக்கு ஒரு திருகாணி கேட்டால் எங்களைப் போன்ற தனி ரிப்பேர்காரர்களுக்குத் தருவதில்லை. தங்கள் சர்வீஸ் சென்டருக்கே அனுப்பச் சொல்கிறார்கள். அங்கே ஒரு பெரிய நிறுவனத்துக்கு நான் அனுப்பிவைத்த வாடிக்கையாளரின் வாட்ச் ஏழு மாதம் கழித்து, டயலும் முள்ளும் புதுசாக மாறித் திரும்பி வந்தது. பழைய டயல் எங்கே என்றதற்குப் பதில் இல்லை. அது அவர் மாமனார் போட்டது. நல்ல ரிப்பேர்காரருக்கு உதிரி கிடைக்காதபோது புரோக்கருக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைக்கிறது. இந்த வழியை அடைக்காமல் கள்ளச் சரக்கை ஒழிக்கப்போகிறோம் என்றால் எப்படி நம்புவது?

நீங்கள் செய்ய வேண்டியது: பிஆர்எக்ஸை வாங்குங்கள். டிஸ்ஸாட்டின் சொந்த வலைத்தளத்தில் கடைப் பட்டியல் இருக்கும், அதில் உள்ள கடையில் மட்டும். கேரண்டி கார்டில் கடை சீல், தேதி, வாட்சின் முதுகில் உள்ள அதே சீரியல் எண் மூன்றும் எழுதிய பிறகு காசைக் கொடுங்கள். 'பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்' என்றால் வெளியே வந்துவிடுங்கள். 35 மில்லிமீட்டரும் 40-ம் இருக்கின்றன. மணிக்கட்டு மெலிந்திருந்தால் 35-ஐக் கட்டிப் பாருங்கள், அப்பாரு காலத்து அளவும் ஏறத்தாழ அதுதான். சீ சீஃப்பை இந்த வாரமே ரிப்பேருக்குக் கொடுங்கள். உதிரி தேட நாள் ஆகும், தை வரைக்கும் தள்ளாதீர்கள். முகூர்த்தத்துக்குச் சீ சீஃப்பைக் கட்டிக்கொள்ளுங்கள். காலையில் சாவி கொடுங்கள், இறுகும்போது நிறுத்திவிடுங்கள். கை கழுவும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தண்ணீர் ஆகாது.