சொல் கேளுங்கள்: ‘செட்’டுக்கு எத்தனை அர்த்தம்?

சூரியன் ‘செட்’ ஆவதும் சிமெண்ட் ‘செட்’ ஆவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; உங்கள் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் கொண்ட சொல் ‘செட்’ என்று ஒரு பொது அறிவுப் புத்தகம் சொல்கிறது. இன்னொன்று ‘ரன்’ என்கிறது. எதை நம்புவது? – போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி

இரண்டுமே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்குதான். காலம்தான் வேறு. அதன் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான். வினையாக மட்டும் 430 பொருள்; செட் அப், செட் ஆஃப் மாதிரியான கூட்டுத் தொடர்களையும் சேர்த்தால் சுமார் 580. இவ்வளவையும் விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள் செலவாகின. ஒரு நாவலே எழுதிவிடலாம்.

அப்புறம் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தும் வேலை ஆரம்பித்தது. ‘ஏ’யில் தொடங்காமல் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கினார்கள். விளைவைப் பாருங்கள்: 2000-ல் ‘மேக்’ முந்தியது, 2007-ல் ‘புட்’, 2011-ல் ‘ரன்’. எம், பி, ஆர் என்று அகரவரிசைப்படியே சாதனை முறிந்துகொண்டு போயிருக்கிறது. ‘ரன்’னுக்கு 645 பொருள். ஆனால் 1989-ன் எண்ணிக்கையையும் 2011-ன் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பின்னால் எண்ணியவர்களுக்குச் சான்றுகளும் அதிகம் கிடைத்தன, வசதியும் அதிகம். தவிர, இந்த எண்ணிக்கையில் வழக்கொழிந்துபோன பொருள்களும் அடக்கம். ஒரு சராசரி ஆங்கிலேயர் இதில் பாதியைக்கூட வாழ்நாளில் பயன்படுத்த மாட்டார்.

தேர்வில் கேட்டால் ‘ரன்’ என்று எழுதுங்கள். மதிப்பெண் முக்கியம்.

கேள்வி: செட் த அலாரம், செட் எ ட்ராப், செட் ஃபயர், த சன் செட்ஸ், த சிமெண்ட் செட்ஸ். இவற்றுக்குள் பொதுவாக ஏதாவது இருக்கிறதா, அல்லது மனப்பாடம்தான் கதியா? – முதலாண்டு ஆங்கில இலக்கிய மாணவர்

மனப்பாடம் வேண்டாம் தம்பி. இதன் பழைய ஆங்கில வடிவம் ‘செட்டன்’. உட்கார்வதைக் குறிக்கும் ‘சிட்’டின் பிறவினை அது. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்கார வை. நாம் இரு – இருத்து, அமர் – அமர்த்து என்று இணை இணையாக வைத்திருக்கிறோம் அல்லவா, ஆங்கிலத்திலும் அப்படிச் சில இணைகள் மிஞ்சியிருக்கின்றன. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ வீழ்த்து. அதனால்தான் மரத்தை வெட்டிச் சாய்ப்பது ‘ஃபெல்’. ‘லை’ கிட, ‘லே’ கிடத்து. ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. இந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் ‘செட்’.

உட்கார வைப்பது என்றால் என்ன? ஒன்றை அது இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நிலையில், அசையாமல் இருத்துவது. இதை மனதில் வைத்துக்கொண்டு தமிழில் ‘வை’யை எடுத்துப் பாருங்கள். அலாரம் வை. பொறி வை. தீ வை. கெடு வை. பரீட்சை வை. விலை வை. கோழியை அடை வை. கல் வைத்த மோதிரம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ போடலாம். முட்டைமேல் கோழியை உட்கார வைப்பதற்கும் மோதிரத்தில் கல்லை உட்கார வைப்பதற்கும்கூட இரண்டு மொழியும் ஒரே சொல்லைத்தான் தேடிப் போயிருக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளவில்லை. ‘வை’, ‘போடு’, ‘செட்’, ‘புட்’ மாதிரியான சின்ன வினைகளுக்குச் சொந்தச் சரக்கு குறைவு. பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்தான் பொருளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதனால் ‘செட்’டைப் பார்த்ததும் அகராதியைப் புரட்டாதீர்கள். எதை ‘செட்’ செய்கிறார்கள் என்று பாருங்கள். பாதி வேலை முடிந்தது.

‘வை’ கை கொடுக்காத இடங்களும் உண்டு. கதை ஒரு ஊரில் ‘செட்’ ஆகியிருக்கிறது என்றால் நமக்கு அது கதைக்களம். கவிதையை இசைக்கு ‘செட்’ செய்தால் மெட்டமைப்பது. எழுத்துகளை ‘செட்’ செய்தால் அச்சுக் கோப்பது.

சூரியனும் சிமெண்டும்தான் உங்களைக் குழப்பியிருக்கும். அங்கே யாரும் யாரையும் உட்கார வைக்கவில்லை. ‘உட்கார வை’ என்ற சொல், நாளடைவில் ‘தானே உட்கார்’ என்றும் வழங்க ஆரம்பித்துவிட்டது. ‘சிட்’டும் ‘செட்’டும் ஒலியிலும் பொருளிலும் நெருக்கமாக இருந்ததால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்தது. சூரியன் போய் அடிவானத்தில் உட்கார்கிறது. குழைந்து கிடந்த சிமெண்ட் ஓரிடத்தில் உட்கார்கிறது. தமிழ் ‘வை’ இவ்வளவு தூரம் இறங்கி வராது. சிமெண்ட் வைத்தது என்று நாம் சொல்வதில்லை, இறுகியது என்போம். இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. கட்டடத் தொழிலில் ‘செட்’ ஆவது வேறு, கெட்டிப்படுவது வேறு. குழைவு போய் வடிவம் நிற்பதுதான் ‘செட்’. அது சில மணி நேரத்தில் நடந்துவிடும். வலிமை ஏறுவது வாரக்கணக்கில் நடக்கும். அதனால்தான் கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கழித்துச் சோதிக்கும் வழக்கம்.

சூரியனுக்கு நம்மிடம் ‘படு’ இருக்கிறது. படுஞாயிறு என்றால் மறைகிற சூரியன். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் சாய்தல். ஒரே ஒரு எழுத்தை நீட்டி ஏற்பாடு என்று சொல்லுங்கள், அது ‘செட் அப்’ ஆகிவிடும்! இரண்டுக்கும் உறவு தேடிக் கிளம்பிவிடாதீர்கள், வெறும் தற்செயல். எனக்குப் பிடித்த தற்செயல், அவ்வளவுதான்.

கேள்வி: ‘செட்’டுக்கு இறந்தகாலமும் ‘செட்’தான் என்கிறார்களே, ஏன்? – பள்ளி ஆசிரியை

கட், புட், ஹிட், ஷட் எல்லாம் அப்படித்தானே டீச்சர். கடைசியில் ஏற்கெனவே ‘ட்’ ஒலி நிற்கிறது. அதன்மேல் வந்து ஒட்டிய இறந்தகால விகுதி காலப்போக்கில் அதற்குள்ளேயே கரைந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ‘செட்டே’ என்று இறந்தகாலம் தனியாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு சொல்லிக்கொடுங்கள்: ‘ஹி செட்’ என்றால் நேற்று, ‘ஹி செட்ஸ்’ என்றால் தினமும். ‘தே செட்’ என்று வந்தால் அக்கம்பக்கம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: செய்திகளை மொழிபெயர்க்கும்போது என்னை அதிகம் படுத்துவது ‘செட்’டோடு ஒட்டி வரும் சின்னச் சொற்கள்தான். எதில் கவனமாக இருக்க வேண்டும்? – உதவி ஆசிரியர்

நம் தொழில்காரர் கேட்கிறார், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கம் திருத்துகிறவன் என்ற முறையில், நான் சிவப்பு மை செலவழிக்கும் முதல் இடம் ‘செட் அசைட்’. ‘ஹைகோர்ட் செட் அசைட் தி ஆர்டர்’ என்று வரும். ‘உயர் நீதிமன்றம் உத்தரவை ஒதுக்கி வைத்தது’ என்று மொழிபெயர்த்து அனுப்பிவிடுவார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், பிறகு பார்ப்பார்கள் என்றுதானே? நடந்தது அதற்கு நேரெதிர். கீழ் நீதிமன்றத்தின் உத்தரவு செல்லாது, ரத்து. இன்னும் ஒரு படி மேலே போய் ‘ஒத்திவைத்தது’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ‘ரிசர்வ்டு’ என்பதற்குரியது; விசாரணை முடிந்து தீர்ப்பு இன்னும் வராத நிலை. ஒரே சொல் மாறினால் வழக்கில் தோற்றவர் காத்திருப்பவர் ஆகிவிடுகிறார். பணத்தையோ நேரத்தையோ ‘செட் அசைட்’ செய்தால் மட்டும் தாராளமாக ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது ‘செட் ஆஃப்’. ஆள் செய்தால் கிளம்புவது. வெடியை, அலாரத்தைச் செய்தால் வெடிக்க வைப்பது, அலற வைப்பது. கணக்கில் வந்தால் ஈடுகட்டுவது: ஒரு தொழிலில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்வது. ‘நஷ்டம் கிளம்பியது’ என்று எழுதிவிட்டால் படிக்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள், ஆடிட்டர் படமாட்டார்.

‘செட் இன்’ இன்னும் சுவாரசியம். அகராதி ‘தொடங்கி நிலைத்தல்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எதெல்லாம் ‘செட் இன்’ ஆகிறது என்று கவனியுங்கள்: அழுகல், நோய்த்தொற்று, பீதி, சலிப்பு, விரக்தி. நல்லது எதுவும் அந்தப் பக்கம் வருவது அபூர்வம். மகிழ்ச்சி ‘செட் இன்’ ஆனது என்று எழுதினால் இலக்கணம் ஒன்றும் சொல்லாது, ஆங்கிலேயரின் காதுதான் நெருடும். ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் ஏராளமான ஆங்கில வாக்கியங்களைக் கணினியில் திரட்டிப் பார்த்து இதைக் கவனித்துச் சொன்னார். தமிழில் ‘பீடித்தது’, ‘தொற்றிக்கொண்டது’ என்று போட்டால் அந்தக் கசப்பும் கூடவே வந்துவிடும். ‘தொடங்கியது’ என்றால் வராது.

‘செட் பேக்’ பின்னடைவு, ‘செட் அவுட்’ புறப்படு அல்லது வரிசையாக எடுத்துச் சொல். இவற்றில் யாரும் பெரிதாகத் தடுக்கி விழுவதில்லை.

கேள்வி: என் மகன் எதற்கெடுத்தாலும் ‘செட் ஆகாது’ என்கிறான். படிப்பு செட் ஆகாது, வேலை செட் ஆகாது, பெண் பார்த்தால் அதுவும் செட் ஆகாது. இது என்ன ஆங்கிலம்? – ஒரு தாய்

இது ஆங்கிலமே இல்லை அம்மா, சுத்தத் தமிழ்! ஆங்கிலத்தில் ஜெல்லி ‘செட்’ ஆகும், சிமெண்ட் ‘செட்’ ஆகும், வேலை ஆகாது. உங்கள் மகன் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார். ‘சரிப்பட்டு வராது’, ‘ஒத்துவராது’ என்று நீங்கள் சொல்வதைத்தான் அவர் இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறார். இரவல் வாங்கிய சொல்லுக்கு ஊரில் இல்லாத பொருளைக் கொடுப்பது எல்லா மொழியும் செய்கிற வேலை. எனக்கு அதில் கோபம் இல்லை. நேர்காணலில் மட்டும் ‘தட் ஜாப் டஸ் நாட் செட் ஃபார் மீ’ என்று ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே ‘சூட்’ என்ற சொல் வேண்டும்.

‘அவன் இன்னும் செட்டில் ஆகலை’ என்று நீங்கள் சொல்லும்போது வரும் ‘செட்டில்’ இதே குடும்பம்தான். இருக்கை என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, அம்மாவும் மகனும் ஒரே வேரைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறீர்கள். பெண் பார்க்கும் விஷயத்தில் எனக்குக் கருத்து இல்லை.

கேள்வி: டீ செட், சினிமா செட், கணக்கில் வரும் செட். இவையும் அதே ‘உட்கார வை’தானா? – ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

சினிமா ‘செட்’ ஆமாம். மேடையில் காட்சிக்காகப் பொருள்களை இருத்தி வைப்பதிலிருந்து வந்தது. டீ செட் அப்படியில்லை. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் ‘செட்’ வேறு வீட்டிலிருந்து வந்த சொல். லத்தீனில் ‘செக்டா’, அதாவது ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஏற்கெனவே இருந்த வினைச்சொல்லோடு உருவத்தில் ஒன்றாகிவிட்டது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. ‘அவன் எங்க செட்’ என்று கூட்டாளியைச் சொல்கிறோமே, அதில் அந்த லத்தீன் பொருள் கெடாமல் இருக்கிறது.

கணிதத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘தொடை’. பூத்தொடுப்பது நினைவுக்கு வருவதால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கணம் என்றால் நொடியும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. நீங்கள் ஆயுள் முழுக்கக் கணம் என்று சொல்லிக்கொடுத்தவர், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கேள்வி: ஓட்டப் பந்தயத்தில் ‘ஆன் யுவர் மார்க்ஸ், செட்’ என்கிறார்களே, அந்த ‘செட்’டில் என்ன செய்ய வேண்டும்? – எட்டாம் வகுப்பு மாணவி

முதல் கட்டளைக்குக் கோட்டுக்குப் பின்னால் கைகளை ஊன்றி, காலைக் கட்டையில் பதித்து, முட்டி போட்டு உட்கார். ‘செட்’ என்றதும் இடுப்பைத் தூக்கிக் கடைசி நிலைக்கு வந்து அப்படியே அசையாமல் நில். கை தரையை விட்டு எழக்கூடாது. எல்லோரும் அசையாமல் நின்ற பிறகுதான் துப்பாக்கி வெடிக்கும். இது 400 மீட்டர் வரைதான். 800 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தால் ‘செட்’டுக்காகக் காத்திருக்காதே, அங்கே அந்தக் கட்டளையே கிடையாது. ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ முடிந்து எல்லோரும் நிலையாக நின்றதும் நேராக வெடிதான்.