வாயைத் திறந்தவர்கள் ஏன் மூடிக்கொண்டார்கள்?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறேன். 60 பேர் வேலை செய்கிறார்கள். மாதக் கடைசி சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி, குறைகளையும் யோசனைகளையும் சொல்லச் சொல்கிறேன். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. அதே ஆட்கள் வெளியே டீக்கடையில் கம்பெனியை மணிக்கணக்கில் அலசுகிறார்கள். நம் ஊர்த் தொழிலாளர்களுக்குக் கூடிப் பேசும் பழக்கம் வரவே வராதா? நல்ல யோசனை சொல்பவருக்கு 500 ரூபாய் பரிசு என்று அறிவிக்கலாமா? கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்புகளை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: குறிப்புகளை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதல் கூட்டத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பகுதிப் பெண் ஒருவர், தன் தலைக்கு மேலே இருக்கும் மின்விசிறி ஓடவில்லை என்று சொல்லியிருக்கிறார். எதிரே, 'கவனிக்கப்படும்'. இரண்டாவது மாதமும் அதே விசிறி, அதே 'கவனிக்கப்படும்'. மூன்றாவது மாதக் குறிப்பில் விசிறியைக் காணோம். ஓட ஆரம்பித்துவிட்டதா, அந்த அம்மா கேட்பதை விட்டுவிட்டாரா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. ஒருவரும் வாயைத் திறப்பதில்லை என்கிறீர்கள். திறந்தார்கள் ஐயா. இரண்டு மாதம் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

அதே மூன்றாவது குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மெஷின் ஷாப்பிலிருந்து ஒருவர் எழுந்து, வார்ப்புகளில் ப்ளோ ஹோல் (உள்ளே காற்று அடைத்து விழும் ஓட்டை) அதிகமாக வருகிறது, கடைந்து முடித்த பிறகுதான் தெரிகிறது, உழைப்பு வீண் என்கிறார். உங்களுக்கு நேரடியாகப் பணம் மிச்சமாகும் விஷயம். உடனே உற்பத்தி மேலாளர் எழுந்து 'விளக்கம் அளித்தார்' என்று இருக்கிறது. அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். முன்வரிசையில் ஃபோர்மேன்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. திங்கட்கிழமை காலை அந்த ஆளிடம் அவருடைய ஃபோர்மேன் என்ன கேட்டிருப்பார்? "என்னப்பா, முதலாளி முன்னாடியே என்னை மாட்டிவிடுறியா?" இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற 59 பேரும் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். டீக்கடையில் பேசினால் யாரும் மறுநாள் கணக்குக் கேட்பதில்லை.

'நம் ஊர்' என்று நீங்கள் இழுத்ததற்கும் ஒரு வார்த்தை. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் நாசா அதிகாரிகளும் ராக்கெட் தயாரித்துக் கொடுத்த மார்ட்டன் தயகால் நிறுவனத்துப் பொறியாளர்களும் தொலைபேசியில் கூட்டம் போட்டார்கள். மறுநாள் சாலஞ்சர் விண்கலத்தை ஏவுவதா வேண்டாமா என்பது பேச்சு. ராக்கெட் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் சரியாக அடைத்துக்கொள்ளாது, 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். நாசா தரப்பு எரிச்சல் காட்டியது. தயகால்காரர்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தனியாகப் பேசினார்கள். அங்கே ஒரு மேலதிகாரி இன்னொருவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள் என்றார். மேலாளர்கள் நால்வர் மட்டும் முடிவெடுத்தார்கள். எதிர்த்துப் பேசிய பொறியாளர்கள் அடங்கிப் போனார்கள். மறுநாள் விண்கலம் கிளம்பி 73 விநாடிகளில் ஏழு பேரோடு சிதறியது. படித்தவர்கள், நல்ல சம்பளக்காரர்கள், தங்கள் தொழிலில் கரை கண்டவர்கள். அவர்களுக்கே அந்த நிலைமை என்றால், உங்கள் வைண்டிங் பகுதிப் பெண்ணிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

மாறாக, ஜப்பானில் 1962இல் தொடங்கிய தரவட்டம் என்ற ஏற்பாடு 1980இல் ஐதராபாத் பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) ஆலைக்கு வந்தது. ஒரே பகுதியில் வேலை செய்கிற சில பேர், அவர்கள் கையாளும் சிக்கல் ஒன்றை எடுத்து, வேலை நேரத்திலேயே உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. அங்கே பேசியவர்களும் நம் நாட்டுத் தொழிலாளர்கள்தான். ஆள் ஒன்று, உட்கார வைத்த விதம் வேறு.

சரி, என்ன செய்யலாம்? அறுபது பேரை வைத்துக்கொண்டு உரையாட முடியாது, உரையாற்றத்தான் முடியும். ஏழெட்டுப் பேராகப் பிரியுங்கள். சனிக்கிழமை ஐந்தரை மணி என்பதை முதலில் ஒழியுங்கள். பஸ் பிடிக்க வேண்டியவர், பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குச் சாப்பாடு போட வேண்டியவர் யாரும் அந்த நேரத்தில் உங்கள் கம்பெனியைப் பற்றி யோசிக்க மாட்டார். சம்பள நேரத்தில் அரை மணி கொடுங்கள். 'குறை இருந்தா சொல்லுங்க' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த மாதம் ப்ளோ ஹோல் மட்டும் என்று வையுங்கள், தள்ளுபடியான இரண்டு வார்ப்புகளை மேஜை மேல் போடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் தானாகப் பேச்சு வரும். முதலில் புதிதாகச் சேர்ந்தவர் பேசட்டும், கடைசியில் மூத்தவர். எல்லோருக்கும் அப்புறம் நீங்கள். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப் போகிறது. ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூடவே உட்கார வையுங்கள். ஃபோர்மேன்களோடு தனியாகப் பேசுங்கள். அவர்களுக்கும் உங்களிடம் சொல்ல நிறைய இருக்கும்.

ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட விஷயத்துக்குக் கருத்துக் கேட்காதீர்கள். பகல் ஷிஃப்டை எட்டரைக்கு மாற்றுவதென்று தீர்மானித்துவிட்டால், மாற்றியாகிவிட்டது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கோபித்துக்கொள்வார்கள், ஆனால் ஏமாற்றினான் என்று சொல்ல மாட்டார்கள். சம்பள உயர்வு, ஒருவருடைய விடுப்பு, இருவருக்குள் சண்டை இவையெல்லாம் குழுவில் பேசுவதற்கல்ல.

ஒவ்வொரு கூட்டத்தையும் போன தடவை சொன்னவற்றின் பட்டியலோடு தொடங்குங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை. 'இந்த வருஷம் அதுக்குப் பணமில்லை' என்பதும் மரியாதையான பதில்தான். முதல் இரண்டு மாதம் கூட்டம் சப்பென்றுதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

500 ரூபாய்ப் பரிசு இப்போது வேண்டாம். பேசினால் வம்பு என்று நினைக்கிறவருக்கு அந்தப் பணம் போதாது. தவிர, யோசனை யாருடையது என்று அடுத்த வாரமே அடிதடி வரும். ஒரு விசிறிக்கு ரீவைண்டிங் செய்ய அதில் பாதி ஆகுமா? மோட்டார் செய்கிற கம்பெனி, அதுகூட வெளியே கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தொழிலகங்களில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த இரு தரப்புக் குழு அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம் என்பது 1947இன் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. அது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் 20 பேரும் அதற்கு மேலும் இருந்தால் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்று 2010இல் திருத்தம் வந்தது. 2020இன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, பெண்களுக்கும் இடம். உங்களிடம் 60 பேர். கடிதத்தில் அப்படியொரு குழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேன்டீன் கூட்டத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், குழுவை இந்த மாதமே அமைத்துவிடுங்கள்.