எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே எளிய கடவுச்சொல்லை வைத்திருப்பது அவ்வளவு பெரிய தவறா?

"ஏழெட்டு ஆண்டுகளாக எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்தான் வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற சாதாரண ஆளின் கணக்கை யார் திருடப் போகிறார்கள்? பணம் என்றால் ஓடிபி வருகிறதே, பிறகு எதற்கு இத்தனை தொல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 2011 முதல் ஒரு சிறிய கணினி மையம் நடத்தி வருகிறேன். விண்ணப்பம் நிரப்புவது, சான்றிதழ் பதிவேற்றுவது, மின்னஞ்சல் கணக்குத் தொடங்கித் தருவது ஆகியவை என் அன்றாட வேலை. கடவுச்சொல்லோடு மனிதர்கள் படும் பாட்டை ஒவ்வொரு நாளும் பார்ப்பவன் என்பதால், உங்கள் சலிப்பு நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு செய்திகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கடவுச்சொல் எளிமையாக இருப்பது ஒன்று. எல்லா இடத்திலும் அதுவே இருப்பது மற்றொன்று. இவற்றில் இரண்டாவதே பெரிய ஆபத்து.

அந்தத் தவறை நானே பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். மின்னஞ்சல் முகவரி இல்லாமல் எதற்கும் விண்ணப்பிக்க முடியாது என்ற நிலை வந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என் கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டால், "நீங்களே மறக்காத மாதிரி ஏதாவது போடுங்கண்ணா" என்பார்கள். நான் அவர்களுடைய பெயரைத் தட்டி, அட் குறி போட்டு, 123 என்று முடிப்பேன். மறுமுறை வரும்போது அவர்கள் மறந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கும் அலைச்சல் இல்லை, எனக்கும் நேரம் மிச்சம். 2012 முதல் 2019 வரை இப்படித்தான் செய்தேன். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதியும் வைத்தேன். கடவுச்சொல்லைத் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் பெயரைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

2019-இல் கடலூர் முதுநகரைச் சேர்ந்த, என் வாடிக்கையாளரான ஒரு தம்பி சிங்கப்பூரிலிருந்து அழைத்தார். அவருடைய மின்னஞ்சல் கணக்கிற்குள் யாரோ நுழைந்து, மீட்புக்கான தொலைபேசி எண்ணை மாற்றி, அவரையே வெளியே தள்ளிவிட்டார்கள். கடவுச்சீட்டின் நகல், வேலை ஒப்பந்தம், வங்கிக் கடிதங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த மின்னஞ்சலை வைத்து அவருடைய சமூக ஊடகக் கணக்கையும் கைப்பற்றி, அவர் எழுதுவது போலவே அவருடைய அக்காள் கணவருக்குச் செய்தி அனுப்பியதில், "மச்சானுக்கு என்ன அவசரமோ" என்று பதறிய அந்த மனிதர் 18,000 ரூபாய் அனுப்பிவிட்டார். தம்பியின் மின்னஞ்சல் முகவரியை ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தில் இட்டுப் பார்த்தோம். ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய தளம் அது; நம் முகவரி எந்தெந்தத் தரவுக் கசிவுகளில் அகப்பட்டிருக்கிறது என்று காட்டும். தம்பி முன்பு பதிவு செய்திருந்த ஒரு வேலைவாய்ப்புத் தளத்தின் தரவு அதில் இருந்தது. அங்கும் அதே கடவுச்சொல்லைத்தான் கொடுத்திருந்தார். "அண்ணே, நீங்க போட்டுக் கொடுத்ததுதான், நான் மாத்தவே இல்ல" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இன்றும் எனக்கு உறுத்துவது அதுதான்.

சாதாரண ஆளின் கணக்கை யார் திருடப் போகிறார்கள் என்ற கேள்விக்கான விடை இந்த நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. அந்தத் தம்பியை யாரும் குறிவைக்கவில்லை. ஒரு தளத்திலிருந்து கசிந்த லட்சக்கணக்கான முகவரிகளையும் கடவுச்சொற்களையும் ஒரு நிரலிடம் கொடுத்துவிட்டால், அது ஒவ்வொன்றையும் மற்றத் தளங்களில் போட்டுப் பார்த்துக்கொண்டே போகும். எது திறக்கிறதோ அது அவர்களுக்கு லாபம். வலை வீசுபவர் இன்ன மீன்தான் வேண்டும் என்று பெயர் சொல்லி வீசுவதில்லை. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே வந்தபோது, அவற்றில் மிக அதிகமாகக் காணப்பட்டது 123456. ஏறத்தாழ 2,90,000 பேர் அதையே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் கடவுச்சொல் உடைக்கும் கருவிகளோடு சேர்ந்தே புழங்குகிறது. விவரம் தெரிந்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2012-இல், இணையத்தில் கோப்புகளைச் சேமித்துத் தரும் ட்ராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய கணக்கு, வேறொரு தளத்திலிருந்து திருடப்பட்ட அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டே திறக்கப்பட்டது.

எளிமை எங்கே கெடுதல் செய்கிறது, எங்கே செய்வதில்லை என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஏடிஎம் அட்டையின் நான்கு இலக்க எண்ணுக்கு மொத்தம் 10,000 வாய்ப்புகளே உண்டு. ஆனாலும் அது காக்கிறது, ஏனெனில் சில முறை தவறாக அடித்தால் அட்டை முடங்கிவிடும். கசிந்துபோன கோப்பு திருடனின் கணினியிலேயே இருக்கும்போது அப்படித் தடுப்பவர் யாரும் இல்லை. நல்ல தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைப்பதில்லை; ஹாஷ் என்னும் கணக்கின் வழியே அதை உருமாற்றி வைக்கின்றன. திருடன் தன் ஊகங்களை ஒவ்வொன்றாக அதே கணக்கிற்கு உட்படுத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டினைக் கொண்ட கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,800 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் வேகமாகக் கணக்கிடக்கூடிய பழைய ஹாஷ் முறையை அந்தத் தளம் பயன்படுத்தியிருந்தால், கணினி விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் ஒரு வரைகலை அட்டை (கிராஃபிக்ஸ் கார்டு) அத்தனையையும் சில நிமிடங்களுக்குள் முடித்துவிடும். நாம் சேரும் தளம் எந்த முறையில் வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரிய வழியில்லை. ஆகவே ஒரு தளம் கசிந்தால் அந்த ஒன்றோடு சேதம் நிற்கும்படி பார்த்துக்கொள்வதே நம் கையில் இருப்பது.

ஓடிபி பற்றிய உங்கள் நம்பிக்கையில் பாதி சரி. இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்தும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதலே கட்டாயமாக்கியது. அந்த ஏற்பாடு பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தத் தம்பியின் நிகழ்ச்சியில் பணம் வங்கிக் கணக்கை உடைத்துப் போகவில்லை. அவருடைய அக்காள் கணவர் தன் கையாலேயே, சரியான பின் எண்ணைப் போட்டு அனுப்பினார். அங்கே ஓடிபி என்ன செய்யும்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும். எனவே பணம் போனது தெரிந்த உடனே வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் அழைத்துவிடுங்கள், மறுநாள் காலை வரை பொறுக்க வேண்டாம்.

இனி வசதியைப் பற்றி. மக்கள் சோம்பேறிகள், அதனால்தான் பலவீனமான கடவுச்சொல் வைக்கிறார்கள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 1979-இல் கணினி வல்லுநர்களான ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்து, அவற்றில் 86 விழுக்காட்டை எளிதில் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். அவை கணினியோடு பழகியவர்களின் கடவுச்சொற்கள். அவர்களாலேயே முடியாததை, மாதம் ஒருமுறை என் கடைக்கு வரும் முந்திரித் தோப்புக்காரர் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நம் அலுவலகங்கள் இன்றும் வற்புறுத்தும் விதிகள், அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய வழிகாட்டியால்தான் பெரிதும் பரவின. அதே நிறுவனம் 2017-இல் அவற்றைக் கைவிட்டது: காரணமின்றி அவ்வப்போது மாற்றச் சொல்லாதீர்கள், குறியீட்டைத் திணிக்காதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொல்லை ஏற்காதீர்கள் என்றது. பர் அவர்களே தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். மாதம்தோறும் மாற்றச் சொன்னால் மனிதர் என்ன செய்வார் என்பதை நான் பார்க்கிறேன். 123 போய் 124 வரும், பிறகு 125 வரும்.

ஆகவே எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே அளவு கவலையைப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. பூட்டு எங்கே பலமாக இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் சிரமப்படுங்கள். அந்த இடம் உங்கள் மின்னஞ்சல். மற்ற எந்தக் கணக்கிலும் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று அழுத்தினால் புதிய வழி அங்குதான் வந்து சேர்கிறது, அதைப் பிடித்தவர் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். அதற்கு மட்டும், வேறெங்கும் இல்லாத, நீளமான கடவுச்சொல் ஒன்றை வைத்து, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். வங்கிச் செயலிக்கு இன்னொன்று. மற்றவற்றுக்கு உங்கள் கைபேசியில் உள்ள கடவுச்சொல் நிர்வாகியே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். கைபேசியின் திரைப்பூட்டு மட்டும் வலுவாக இருக்கட்டும். பாஸ்கீ என்ற முறையும் வந்துவிட்டது. கைரேகை வைத்துக் கைபேசியைத் திறப்பது போலவே கணக்கும் திறக்கும். போலித் தளத்தில் அது வேலை செய்யாது. கேட்கும் தளங்களில் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீளமான கடவுச்சொல்லை எப்படி அமைப்பது? ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் கோத்துவிடுவது நல்ல வழி. 7,776 சொற்கள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து தாயக்கட்டை உருட்டுவது போலத் தற்செயலாக ஐந்து எடுத்தால், வாய்ப்புகளின் எண்ணிக்கை 2.8 லட்சம் கோடி கோடியைத் தாண்டுகிறது. தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடங்களில் திறந்து விரல் வைத்துச் சொல் எடுக்கலாம். திருக்குறள் அடியோ தேவார வரியோ வேண்டாம். இணையத்தில் இருக்கும் எந்த வரியும் திருடனின் பட்டியலிலும் இருக்கக்கூடும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டும்போது இன்னொரு சிக்கல் உண்டு. "வாழை" என்பதற்கு ஆகாரத்தை ஓர் எழுத்தில் போடுவதா, இரண்டில் போடுவதா, ழகரத்துக்கு எது என்று மறுவாரமே தடுமாறுவோம். ஆகவே ழ, ள, நெடில் அதிகம் வராத சொற்களாக எடுங்கள். எப்படித் தட்டினீர்களோ அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஆம், தாளில் எழுதலாம். எழுதவே கூடாது என்று பலர் பயமுறுத்தியிருப்பார்கள். பாதுகாப்புத் துறையில் அறியப்பட்ட புரூஸ் ஷ்னையர், நல்ல கடவுச்சொல்லை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2005-லேயே சொன்னார். எங்கோ வெளிநாட்டில் ஓடும் நிரலால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூரில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு வந்த வெள்ளத்தில் கைபேசி நனைந்து செத்துப்போனவர்கள் பலர் என் கடைக்கு வந்தார்கள். ஓடிபி வர எண் இல்லை, உள்ளே போக வழியில்லை. ஓடிபி வராதபோது உள்ளே நுழைவதற்காகக் கணக்கில் முன்கூட்டியே எடுக்கக்கூடிய மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, பட்டாவும் குடும்ப அட்டையும் இருக்கும் நெகிழி உறையிலேயே வைத்திருந்த ஓர் ஆசிரியை மட்டும் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போனார். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் குடிபோனவர்களுக்கும் ஒரு சொல்: இந்திய எண்ணைப் பயன்படுத்தாமல் விட்டால் அது வேறொருவருக்குப் போய்ச் சேரும், மீட்பு எண்ணாக அதுவே இருந்தால், உங்கள் குறியீடும் அவருக்குத்தான் போகும்.

கேள்விக்குச் சற்று வெளியே என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். பதிவிறக்கிய ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான்; இது எல்லோருக்கும் தெரிந்த விதி. பூட்டியிருக்கிறதே என்று நம்பி அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

அந்தத் தம்பியின் அழைப்பு வந்த வாரத்திலேயே பேரேட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். இப்போது புதிய கணக்குத் தொடங்கினால் விசைப்பலகையை வாடிக்கையாளர் பக்கம் தள்ளிவிட்டு நான் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். வரிசை நீண்டாலும் பரவாயில்லை. ஆனால் பழைய பேரேட்டில் இருப்பவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் எண்கள் மாறிவிட்டதால் அவர்களை என்னால் எட்ட முடியவில்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கணினி மையத்தில் மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல் உங்கள் பெயரில் ஆரம்பித்து 123 என்று முடிகிறது என்றால், தயவுசெய்து இன்றிரவே மாற்றிவிடுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், கட்டணம் இல்லை.