இதயத்தைச் சுற்றிய நீர் - கடிதம்

அன்புள்ள டாக்டருக்கு,

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். போன வாரம் மூச்சுத்திணறி, படுக்கவே முடியவில்லை. எக்கோ பார்த்துவிட்டு இதயத்தைச் சுற்றி நீர் என்றார்கள். 700 மில்லி எடுத்தார்கள், ரத்த நிறத்தில். இதயத்துக்குப் புற்றுநோய் வராது என்பார்களே? வீட்டிலிருந்த லாசிக்ஸை (சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை) கொடுத்திருந்தால் நீர் வற்றியிருக்குமா?

கோமதி

அன்புள்ள கோமதி,

இதயத்தில் புற்று தொடங்குவதுதான் அபூர்வம். வேறு உறுப்பிலிருந்து வந்து ஒட்டுவது அதைவிட இருபது மடங்குக்கும் மேல். நுரையீரல், மார்பகம், ரத்தப் புற்று, மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) எல்லாம் வரும். சிறுநீரகப் புற்று, உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் கொடிபோல ஏறி வலது மேலறையை எட்டும்.

பெரும்பாலும் மாட்டுவது இதய உறை. அதில் இயல்பாகவே 15 முதல் 50 மில்லி நீர் உண்டு. மார்பின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களைப் புற்று அடைத்தால் வடிகால் அடைபட்டு நீர் தேங்கும். அதே வழியில் புற்றுச் செல்களும் பின்னோக்கி வந்து உறையில் படியும். உறை சட்டென்று விரியாது. வேகமாகச் சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை நெரிக்கும். மெதுவாகச் சேர்ந்தால் ஒரு லிட்டர்கூடத் தாங்கும். அப்பாவுக்கு 700 தாங்கியது அதனால்தான்.

லாசிக்ஸ் கொடுக்காதது நல்லதாயிற்று. மூச்சுத்திணறல், புடைத்த கழுத்துச் சிரை, கால் வீக்கம் என்று பார்வைக்கு இதயச் செயலிழப்பு மாதிரியே இருக்கும், ஏமாறுவது சுலபம். நெரிபட்ட இதயம் நிரம்புவதே சிரைகளிலுள்ள அழுத்தத்தால்தான். லாசிக்ஸ் அதைக் குறைத்துவிடும். உறையிலுள்ள நீர் அங்கேயே இருக்கும், பிபி மட்டும் விழும். மூச்சை இழுக்கும்போது மேல் பிபி 10-க்கு மேல் இறங்குவது ஒரு துப்பு. இசிஜியில் ஒரு துடிப்பு உயரமாக, அடுத்தது குட்டையாக மாறிமாறி வருவது இன்னொன்று: நீருக்குள் இதயம் ஊசலாடுகிறது.

ரத்த நிறம் என்பதாலேயே புற்று என்று முடிவுகட்ட வேண்டாம். காசநோயிலும் அப்படி வரும். செல் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் புற்றுச் செல் தென்படாவிட்டாலும் சந்தேகம் முழுதாகத் தீராது.

நீரை வடிக்க வைத்த குழாய் இன்னும் இருந்தால் அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு நாளில் வடிவது 50 மில்லிக்குக் கீழே வந்த பிறகு எடுப்பதே வழக்கம். இந்த நீர் திரும்பச் சேரக்கூடியது. சேர்ந்தால், உறையில் சிறு சாளரம் வெட்டி வடியவிடும் அறுவை அப்பாவுக்குச் சரிப்படுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். மறுபடி மூச்சு வாங்கினால், எழுந்தால் தலை சுற்றினால், சிறுநீர் குறைந்தால், அன்றைக்கே எக்கோ. அடுத்த கீமோ தேதிவரை வைத்திருக்காதீர்கள்.