ப்ராக்ஸிக்குப் பின்னால் எல்லாப் பயனருக்கும் ஒரே ஐபி தெரிவது ஏன்?

என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸிக்குப் (பயனரின் வேண்டுகோளை வாங்கி உங்கள் சர்வருக்குக் கடத்தும் இடைநிலை மென்பொருள்) பின்னால், எக்ஸ்பிரஸ் என்ற நோட்.ஜேஎஸ் சட்டகத்தில் எழுதிய ஏபிஐ ஓடுகிறது, லாகில் எல்லா வேண்டுகோளும் 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) என்றே பதிவாகிறது என்கிறீர்கள். அது பிழையில்லை. உங்கள் சர்வரோடு இணைப்பு போடுவது ப்ராக்ஸிதான், பயனர் இல்லை. பயனரின் முகவரியை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் (வேண்டுகோளோடு சேர்ந்து போகும் தகவல் வரி) எழுதி அனுப்பும்படி என்ஜின்எக்ஸிடம் சொல்ல வேண்டும். (2014இல் ஆர்.எஃப்.சி. 7239 என்ற இணையத் தர ஆவணம் இதற்கென முறையான ஒரு ஹெடரைத் தந்தது. புழக்கத்தில் இருப்பது இன்னும் பழையதுதான்.)

சரி, முகவரி வந்துவிட்டது. அப்புறம்தான் சிக்கல். இந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பலாம். வழக்கமான அமைப்பில் ப்ராக்ஸி அந்தப் பொய்யை அழிப்பதில்லை. அதன் வலது பக்கத்தில் உண்மையான முகவரியை ஒட்டிவிடும். இடது ஓரத்து முகவரியை நம்பி ரேட் லிமிட் (ஒரு முகவரியிலிருந்து இத்தனை வேண்டுகோள்தான் என்ற வரம்பு) வைத்தால், ஒவ்வொரு வேண்டுகோளிலும் வேறொரு பொய் முகவரி எழுதி எளிதாகத் தப்பிவிடுவார்கள். உங்கள் ப்ராக்ஸிகள் எத்தனை என்று பார்த்து வலப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். எக்ஸ்பிரஸின் 'ட்ரஸ்ட் ப்ராக்ஸி' (எந்த ப்ராக்ஸியை நம்புவது என்ற அமைப்பு) என்பதை 'ட்ரூ' என்று வைத்தால் இடது ஓரத்தைத்தான் எடுக்கும். ப்ராக்ஸி ஒன்றே என்றால் 1 என்று வையுங்கள்.

பயனர் ஐடி தாங்கும் ஹெடர் என்றால் பயனர் அனுப்பியதோடு ஒட்டவே கூடாது, ப்ராக்ஸியே மேலெழுத வேண்டும். அதன் பெயரில் அடிக்கோடும் வேண்டாம்: பயனரிடமிருந்து வரும் அப்படிப்பட்ட ஹெடரை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.