அரிசி டப்பாவில் கிடைத்த வளையல்

கேள்வி: மாமியாருக்கு வயது 74. மூன்று மாதமாக, தன் ஜோடி வளையலை நான் எடுத்துப் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறார். இரண்டு முறை அது அரிசி டப்பாவிலேயே கிடைத்தது. ‘மாட்டிக்குவோம்னு திருப்பி வெச்சுட்டா’ என்றார். வெளியூரில் இருக்கும் நாத்தனார் அதை நம்புகிறார். இப்போது கணவரும் பீரோ சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தனிக்குடித்தனம் போய்விடலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: திருடியவர் அரிசி டப்பாவில் வைக்க மாட்டார். பத்திரப்படுத்த நினைத்தவர்தான் வைப்பார். மாமியார் பயந்து ஒளிக்கிறார். ஒளித்தது நினைவில் தங்குவதில்லை. காலிப் பெட்டியைத் திறந்ததும் ‘யாரோ எடுத்துட்டாங்க’ என்றுதான் மனசு சொல்லும். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்தான். அல்சைமர் போன்ற மறதி நோய்களில் இது அடிக்கடி வரும் அறிகுறி.

அதற்காக நாமே நோய்ப்பெயர் சூட்டிவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு (மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வரலாம்), தைராய்டு, சோடியம் குறைவு, தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள் எல்லாமே மூளையைக் குழப்பும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்; அன்றே டாக்டரிடம் போக வேண்டும். காது மந்தமானாலும் அடுப்படியில் நீங்கள் பேசுவது தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். ‘மனநல டாக்டர்’ என்றால் வண்டி ஏற மாட்டார். சுகர், பிரஷர் பார்க்க என்று முதலில் உங்கள் வழக்கமான டாக்டரிடமே கூட்டிப் போங்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதானே. சாப்பிடும் மாத்திரைகள் மொத்தத்தையும் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, கேட்டதையே கேட்கிறாரா, குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா என்று ஒரு தாளில் எழுதி, உள்ளே போகுமுன் கொடுத்துவிடுங்கள். அவர் எதிரில் சொன்னால் அதுவும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

வீட்டில் ‘நான் எடுக்கலை’ என்று வாதாடாதீர்கள். ‘நீங்கதான் மறந்துட்டீங்க’ என்பது அதைவிட மோசம். ‘வளையல் காணோமா அத்தை? வாங்க, தேடுவோம்’ போதும். வளையல் உங்கள் கண்ணில் பட்டாலும் கையில் எடுக்காதீர்கள். கணவரோ பிள்ளைகளோ அவரை அங்கே அழைத்துப் போய், அவர் கையாலேயே எடுக்க வையுங்கள். தலையணை உறை, புடவை மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால் என்று ஒளிக்கும் இடங்கள் பெரும்பாலும் நாலைந்துதான் இருக்கும். குப்பைக் கூடையைப் பார்க்காமல் கொட்ட வேண்டாம். கவரிங் வளையலை மாற்றி வைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் சந்தேகம் நிஜமாகிவிடும்.

நாத்தனாரிடம் போனில் நியாயம் பேசிப் பயனில்லை. பத்து நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்கள் ஒரு மணி நேரம் வந்துபோகிறவர்களிடம் தெளிவாகவே பேசுவார்கள். மூன்றாம் நாள்தான் தெரியும். கூப்பிட வேண்டியது கணவர், நீங்கள் அல்ல.

தனிக்குடித்தனம் இப்போது வேண்டாம். நீங்கள் போனால் பழி அடுத்து பார்த்துக்கொள்பவர் மேல் விழும், அவ்வளவுதான். ஆனால் சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளினாலோ கை ஓங்கினாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். நடுராத்திரியில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது; இலவசம், தமிழில் பேசலாம்.

பீரோ சாவி கணவரிடமே இருக்கட்டும். உங்களுக்கும் அதுவே நல்லது. மாமியாரின் நகைப்பெட்டிக்கு இரண்டு சாவி போட்டு, ஒன்றை அவர் இடுப்பிலும் மற்றொன்றைக் கணவரிடமும் வையுங்கள். நீங்கள் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம், தூசி தட்டக்கூட.